வெள்ளிக்கிழமை மூன்று மணி

தோழர்களே,

போன வெள்ளிக்கிழமை மாலை மூன்று மணிக்கு நம் பள்ளியின் மூன்றாம் வகுப்பறையில் மேலாண்மைக் குழுக் கூட்டம் நடந்தது. தலைமையாசிரியர் வந்தார். ஒரு டீச்சர் வந்தார். குழுத் தலைவி என்ற முறையில் நான் அரை நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்தேன். பேரனுக்காக ஒரு பாட்டி வந்து, நாற்காலி வேண்டாமென்று தரையில் உட்கார்ந்தார். வேறு யாரும் வரவில்லை. அரை மணி நேரம் நான்கு பேரும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

ராத்திரி தீர்மான நோட்டை எடுத்துக்கொண்டு லைன் வீடுகளுக்குப் போனேன். ஒன்றரை ஷிப்ட் முடிந்து அப்போதுதான் சனங்கள் வந்துகொண்டிருந்தார்கள். வாசலில் நின்றபடியே ஒவ்வொருவராகக் கையெழுத்துப் போட்டார்கள். தேனிப் பக்கத்துத் தங்கை ஒருத்தி அடுப்பில் சோறு கொதிக்க எழுந்து வந்தாள். ஈரக் கையை நைட்டியில் துடைத்துக்கொண்டு, "எங்கனக்கா போடணும்?" என்றாள். காட்டினேன், போட்டாள். என்ன தீர்மானம் என்று அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அடுத்த வீட்டுக்கு நகர்ந்துவிட்டேன்.

அந்த நோட்டில் இப்போது பதினான்கு கையெழுத்து இருக்கிறது. மேலே "கூட்டத்தில் கலந்துகொண்டோர்" என்று என் கையாலேயே எழுதியிருக்கிறேன். அது பொய். இரண்டு வருடமாக அந்தப் பொய்யை எழுதிக்கொண்டிருக்கிறேன். உங்களில் பலரும் உங்கள் பள்ளிகளில் இதையே செய்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். இதை நிறுத்த வேண்டும் என்று கேட்கத்தான் எழுதுகிறேன். அவசரமாக எழுதுகிறேன். 2024-இல் அமைத்த இந்தக் குழுவின் இரண்டாண்டுக் காலம் முடியப்போகிறது. மறுபடியும் பெற்றோரைக் கூட்டிப் புதுக் குழு அமைக்கப்போகிறார்கள். அன்றைக்கும் வாசலில் வாங்கிய கையெழுத்தோடு ஒரு குழு பிறந்தால் இன்னும் இரண்டு வருடம் போய்விடும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு இரண்டு வருடம் என்பது எழுத்துக் கூட்டிப் படிக்கிற பருவம் முழுவதும்.

சட்டம் நம் கையில் என்ன கொடுத்திருக்கிறது என்பதை முதலில் நாமே படிக்க வேண்டும். கல்வி உரிமைச் சட்டம் 2009-இல் நிறைவேறியது, 2010 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. அதன் 21-ஆம் பிரிவுதான் பள்ளி மேலாண்மைக் குழு. குழுவில் நான்கில் மூன்று பங்கு பேர் பெற்றோராக இருக்க வேண்டும். பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். பள்ளி எப்படி நடக்கிறது என்று கண்காணிப்பதும், வருகிற நிதி எதற்குச் செலவாகிறது என்று பார்ப்பதும், பள்ளி மேம்பாட்டுத் திட்டம் எழுதுவதும் அந்தக் குழுவின் வேலை. அந்தத் திட்டம்தான் அரசு ஒதுக்கும் நிதிக்கு அடிப்படை என்று அடுத்த பிரிவு சொல்கிறது. இதன்படி பார்த்தால், சோறு கொதிக்கும்போது எழுந்து வந்தாளே, அந்தத் தங்கை இந்தப் பள்ளிக்குத் திட்டம் எழுத வேண்டியவள். நான் அவளிடம் பேனாவை நீட்டி இடத்தை மட்டும் காட்டிவிட்டு வந்தேன்.

நம் நடுநிலைப் பள்ளியில் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை மட்டும் 98 பிள்ளைகள் படிக்கிறார்கள். 91 முதல் 120 பிள்ளைகள் வரை இருந்தால் நான்கு ஆசிரியர்கள் வேண்டும் என்று அதே சட்டத்தின் அட்டவணை சொல்கிறது. அந்த ஐந்து வகுப்புக்கும் நமக்கு இருப்பவர்கள் மூன்று பேர். நான்காவது ஆசிரியர் வேண்டும் என்று மூன்று கூட்டத்தில் தீர்மானம் போட்டோம். குழுத் தீர்மானங்களுக்கான செயலியில் ஏற்றினோம். பதில் இல்லை. ஏன் என்று நான் நிறைய யோசித்தேன். அந்தத் தீர்மானத்துக்குப் பின்னால் ஆள் இல்லை. கேட்டால் எழுந்து நின்று "ஆமாம், என் பிள்ளை வகுப்பில் டீச்சர் இல்லை" என்று சொல்ல யாரும் இல்லை. வாசலில் கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவருக்கும் அப்படி ஒரு தீர்மானம் இருப்பதே தெரியாது. அறுபது தாய்மார்கள் தெரிந்து போடுகிற தீர்மானம் வேறு. அதை யாராலும் மேசையில் கிடப்பில் போட முடியாது.

"பெற்றோருக்கு அக்கறை இல்லை" என்று சொல்கிறவர்களை நான் இனிச் சும்மா விடப்போவதில்லை. நம்மிலேயே சிலர் அப்படிப் பேசுகிறோம். எந்தப் பெற்றோரைச் சொல்கிறோம்? காலை எட்டரைக்கு மிஷினில் உட்காருவதற்கு முன்னால் சோறாக்கி, தலை பின்னி, சீருடையை அழுத்தித் தேய்த்து அனுப்புகிறார்களே, அவர்களையா? வாடகை கூடினாலும் பள்ளிக்குப் பக்கத்து லைனிலேயே இருக்க வேண்டுமென்று அந்த ஒற்றை அறையை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார்களே, அவர்களையா?

திருப்பூரில் வெள்ளிக்கிழமை மூன்று மணி என்றால் என்ன என்று நமக்குத் தெரியாதா, தோழர்களே? மறுநாள் சனிக்கிழமை, வாரச் சம்பளம். அதற்கு முன்னால் சரக்கு முடிய வேண்டும். பீஸ் ரேட்டில் தைக்கிறவர் இரண்டு மணி நேரம் எழுந்து போனால் அத்தனை பீஸும் போச்சு. ஷிப்டில் செக்கிங் பார்க்கிறவர் மூன்று மணிக்கு வெளியே போனால் மீதி ஷிப்ட் முழுவதும் வெட்டு. தையல் லைன் உடைந்தால் சூப்பர்வைசரிடம் பேச்சு வாங்க வேண்டும். டெய்லருக்குக் கைமடித்துக் கொடுக்கிற உதவியாள்கூட எழுந்து போக முடியாது. அப்படிப்பட்ட நேரத்தில் கூட்டத்தை வைத்துவிட்டு, வராதவருக்கு அக்கறை இல்லை என்று எழுதிவைப்பது அநியாயம்.

இங்கேதான் சங்கத் தோழர்களிடம் நேராக ஒன்று கேட்கிறேன். இது கல்விப் பிரச்சினை, ஆசிரியர் சங்கம் பார்த்துக்கொள்ளும் என்று ஒதுங்காதீர்கள். இது கூலிப் பிரச்சினை. பிள்ளையின் பள்ளிக் கூட்டத்துக்குப் போனதற்காக ஒரு தாய்க்குக் கூலி பிடிக்கப்படுகிறது. தேர்தல் நாளில் ஓட்டுப் போடுவதற்குச் சம்பளத்தோடு விடுமுறை கொடுக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. பெரிய தொழிற்சாலைகளில் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. பிள்ளைக்கு ஆறு வயது முடிந்து பள்ளிக்குப் போன நாளிலிருந்து, அவனுக்காக அம்மா கம்பெனியை விட்டு ஒரு மணி நேரம் வெளியே வர ஒரு வரி சட்டமும் இல்லை. அடுத்த சம்பள ஒப்பந்தப் பேச்சில் கோரிக்கைப் பட்டியலைத் தூக்கிக்கொண்டு போகும்போது பஞ்சப்படிக்கும் பயணப்படிக்கும் கீழே இதையும் எழுதுங்கள்: மாதம் ஒருமுறை, பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினருக்கு, சம்பளப் பிடித்தம் இல்லாமல் இரண்டு மணி நேரம். ஒரு கம்பெனியில் இப்படிப் போகிறவர் ஒருவரோ இருவரோதான் இருப்பார். முதலாளிக்கு இது பெரிய செலவு இல்லை. ஆனாலும் கேட்காமல் தர மாட்டார். 1984-இல் பஞ்சப்படிக்காக 127 நாள் வேலைநிறுத்தம் நடந்த ஊர் இது. கேட்டு வாங்குவது எப்படி என்று இந்த ஊருக்குத் தெரியும்.

ஒப்பந்தம் வரும்வரை காத்திருக்க முடியாது. அதுவரை கூட்டத்தை அவர்கள் இருக்கிற இடத்துக்கு நாம் கொண்டுபோக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை லைன் வீட்டுப் பொதுக்குழாயடியில் துணி துவைத்துக்கொண்டு எல்லோரும் ஒன்றாகத்தான் இருக்கிறார்கள். அங்கேயே போய் உட்காருவோம். நோட்டு வேண்டாம், மைக் வேண்டாம். பள்ளியில் என்ன குறை, என்ன வேண்டும் என்று அங்கே பேசியதை வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் தீர்மானமாக எழுதுவோம். வர முடிந்த நான்கு பேர் வந்து, வர முடியாத நாற்பது பேர் சொன்னதைச் சொல்லட்டும். அப்படிப் போடுகிற கையெழுத்துக்கு ஒரு மதிப்பு உண்டு.

அங்கே போய் என்ன பேசுவது என்று சில தோழர்கள் கேட்டார்கள். முதல் தடவை போகும்போது குறை எதுவும் சொல்லாதீர்கள். பள்ளியிலிருந்து போன் வந்தாலே நம் சனங்களுக்கு வயிறு கலங்குகிறது. பையன் அடித்தான், பிள்ளை வரவில்லை, நோட்டு முடிக்கவில்லை என்றுதான் இத்தனை வருடமும் அந்தப் போன் வந்திருக்கிறது. பள்ளி வாசல் என்றால் திட்டு வாங்குகிற இடம் என்று அவர்கள் மனதில் பதிந்துவிட்டது. அவர்களில் பலர் படிக்கிற வயதில் அந்த வாசலைத் தாண்டிக் கம்பெனிக்குப் போனவர்கள். நான் போனேன், பன்னிரண்டு வயதில் கைமடிக்க. "உங்க பையன் நேத்து ஏழாம் வாய்ப்பாட்டைத் தடங்கலில்லாமச் சொன்னானுங்க" என்று டீச்சரிடம் கேட்டுக்கொண்டுபோய்ச் சொல்லுங்கள். அந்த அம்மாவின் முகத்தைப் பாருங்கள். மற்றதெல்லாம் அடுத்த ஞாயிறு பேசலாம்.

இப்போது சொல்லப்போவது என்னைப் பல நாள் உறுத்திக்கொண்டிருப்பது.

நான்காம் வகுப்பில் ஒடிசாவிலிருந்து வந்த குடும்பத்துப் பெண்பிள்ளை ஒருத்தி படிக்கிறாள். அவள் பேசுகிற தமிழைக் கேட்டால் இங்கேயே பிறந்தவள் என்பீர்கள். அடிக்கடி வகுப்புக்கு வருவதில்லை என்று டீச்சர் அம்மாவை வரச்சொல்லியிருந்தார். அம்மாவுக்குத் தமிழ் தெரியாது, டீச்சருக்கு ஒடியா தெரியாது. நடுவில் அந்தப் பிள்ளையே மொழிபெயர்த்தாள். "உன் அம்மாட்ட சொல்லு, கணக்குல நீ கெட்டிக்காரி" என்றார் டீச்சர். சொன்னாள். அம்மா சிரித்தார். "அடிக்கடி லீவு போடுறன்னு சொல்லு." அதையும் சொன்னாள். "ஏன்னு கேளு." பிள்ளை கேட்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கே பதில் தெரியும். சின்னத் தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாத நாட்களில் அவள்தான் வீட்டில் இருக்கிறாள். அதை அம்மாவிடம் கேட்டு, அம்மா வாயால் சொல்லவைத்து, டீச்சரிடம் திரும்பச் சொல்ல அந்த ஒன்பது வயதுக்கு முடியவில்லை. அம்மா மகளையும் டீச்சரையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியில் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார்.

பிள்ளையை இப்படி நடுவில் நிறுத்தியது நாம். அந்த லைனிலேயே இரண்டு மொழியும் பேசுகிற பெரியவர்கள் இருக்கிறார்கள். பத்து வருடமாக டெய்லராக இருக்கிற அண்ணன் ஒருவர் அரை மணி நேரத்துக்கு வரமாட்டாரா? நாம் கூப்பிடவே இல்லை. குழந்தையைப் பார்த்துக்கொள்ள அங்கன்வாடியில் இடம் கேட்டோமா என்றால், அதுவும் இல்லை. புதுக் குழுவில் ஒடியா பேசுகிற தாய் ஒருவரும் இந்தி பேசுகிற தாய் ஒருவரும் கட்டாயம் இருக்க வேண்டும். இது பெருந்தன்மை காட்டுகிற விஷயம் கிடையாது. நலிந்த பிரிவுப் பிள்ளைகள் பள்ளியில் எத்தனை பேரோ அதற்கு ஏற்ற பங்கு அவர்களின் பெற்றோருக்குக் குழுவில் வேண்டும் என்று 21-ஆம் பிரிவு சொல்கிறது. நலிவுக்கான காரணங்களில் மொழியும் ஒன்று என்று அதே சட்டத்தின் விளக்கப் பிரிவில் எழுதியிருக்கிறது. வெளியூர்க்காரர் என்று அவர்களைத் தள்ளிவைக்கிற பேச்சு நம் வரிசையில் யார் வாயிலிருந்து வந்தாலும் அங்கேயே மறுத்துப் பேசுங்கள். திண்டுக்கல்லிலிருந்தும் மதுரையிலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் வந்தபோது நாமும் இங்கே வெளியூர்க்காரர்கள்தான்.

தன்னார்வலர் தோழர்களுக்கும், கல்லூரியில் படிக்கிற தம்பி தங்கைகளுக்கும் ஒரு வார்த்தை. 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வி தொடங்கியபோது நீங்கள் திண்ணையிலும் மாடிப்படியிலும் சாயங்காலம் பிள்ளைகளை உட்காரவைத்து எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்தீர்கள். மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகைக்காக மட்டும் யாரும் அதைச் செய்யவில்லை. கொரோனாவில் மறந்துபோன எழுத்து அப்படித்தான் பிள்ளைகளிடம் திரும்பி வந்தது. பிறகு மையங்கள் குறைந்தன, நீங்களும் கலைந்துவிட்டீர்கள். எந்த வீட்டில் யார் குடிக்கிறார், எந்த வீட்டில் பாட்டி மட்டும் இருக்கிறார், எந்தப் பிள்ளைக்குக் கண்ணாடி வேண்டும் என்பதெல்லாம் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அது உங்களுக்குத்தான் தெரியும். திரும்பி வாருங்கள்.

ஆனால் ஒரு கோட்டைத் தாண்டாதீர்கள். நான்காவது ஆசிரியர் இல்லாத வகுப்பில் போய் நின்று பாடம் நடத்தாதீர்கள். மனசு கேட்காது, எனக்குத் தெரியும். இரண்டு மாதம் நீங்கள் நின்றால் அந்த இடம் காலி என்பதையே எல்லோரும் மறந்துவிடுவார்கள். நம் நல்ல மனசை வைத்தே நமக்குச் சேர வேண்டிய ஆசிரியரை இல்லாமல் செய்துவிடக் கூடாது. சாயங்காலம் படிப்பு உதவி செய்யுங்கள், கதை சொல்லுங்கள், வீடு வீடாகப் போங்கள். ஆசிரியர் இடத்துக்கு ஆசிரியரைத்தான் கேட்க வேண்டும்.

பணமும் கேட்காதீர்கள். பெற்றோர் என்றால் வசூல் என்று ஒரு பழக்கம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. காமராஜர் முதலமைச்சராகவும் நெ.து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராகவும் இருந்த காலத்தில் ஊர் ஊராகப் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. சனங்கள் பெஞ்சும் மணியும் கடிகாரமும் நிலமும் கொண்டுவந்து கொடுத்தார்கள். பெரிய காரியம்தான். நம் ஊர்களில் இன்னும் பல பள்ளிக் கட்டடங்கள் அப்படிக் கிடைத்த நிலத்தில்தான் நிற்கின்றன. ஆனால் அன்றைக்குக் கொடுத்தவர்களில் பலர் நிலம் வைத்திருந்தவர்கள். வாரக் கூலியில் வாடகை கட்டுகிறவரிடம் அதே மாதிரி கேட்டால், அடுத்த தடவை நம்மைப் பார்த்ததும் கதவைச் சாத்துவார். அவரிடம் இருக்கிற வேறொன்றைக் கேளுங்கள்.

நம் பள்ளியிலேயே நடந்ததைச் சொல்கிறேன். கம்பெனியில் மெயின்டனன்ஸ் பார்க்கிற எலக்ட்ரீசியன் அண்ணன் ஒருவர் இரண்டு வருடமாக எந்தக் கூட்டத்துக்கும் வந்ததில்லை. ஏழாம் வகுப்பில் மின்விசிறி ஓடவில்லை, ஞாயிற்றுக்கிழமை ஒரு நிமிடம் வந்து பார்க்க முடியுமா என்று கேட்டேன். டெஸ்டரோடு வந்தார். கெப்பாசிட்டர் போயிருந்தது, மாற்றினார். போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. மகளின் வகுப்பறை எது என்று கேட்டார். காட்டியபோது மெயின் ஸ்விட்சைத் திறந்து பார்த்தார், சுவரில் கைவைத்துப் பார்த்தார். "இந்த வயரிங் ரொம்பப் பழசுங்க. மழை பேஞ்சா சுவர்ல கரண்ட் இறங்கும். பிள்ளைங்க கை வைக்கற எடம்" என்றார். எத்தனை அடி வயர், எத்தனை பாயின்ட், என்ன செலவு என்று அங்கேயே நின்று என் நோட்டில் எழுதிக் கொடுத்தார். நம் மேம்பாட்டுத் திட்டத்தில் ஒரு பெற்றோர் தெரிந்து எழுதிய முதல் பக்கம் அதுதான். விசிறிக்கு வந்தவர் குழுவுக்கு நிற்கிறேன் என்று போன வாரம் அவராகவே சொல்லியிருக்கிறார்.

காலை உணவையும் மறந்துவிடாதீர்கள். 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய திட்டம் மறு வருடம் ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்துவிட்டது. சமைக்கிறவர்கள் நம் மகளிர் குழுப் பெண்கள். நம் லைன் அம்மாக்களுக்கு அவர்கள் எல்லோரும் பழக்கம். கம்பெனிக்குப் போகிற வழியில் எட்டு மணிக்கு ஒருவர் எட்டிப் பார்த்து ஒரு வாய் உப்புமா தின்று பார்த்துவிட்டுப் போகலாம். பத்து நிமிட வேலை, கூலி போகாது. வாரத்தில் ஆறு நாள் வேலைக்குப் போகிற ஒரு தாய் பள்ளிக்குள் காலெடுத்து வைக்க இதைவிட நல்ல நேரம் எனக்குத் தெரியவில்லை.

தலைமையாசிரியரிடம் நான் பேசிவிட்டேன். அவர் நம் பக்கம் இருக்கிறார். பெற்றோர் வந்தால் கேள்வி கேட்பார்களே என்ற பயம் சில ஆசிரியர்களுக்கு இருக்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. கேள்வி கேட்கத்தான் வருகிறார்கள். ஆனால் மூன்று பேர் நான்கு பேர் வேலையைச் செய்கிறார்கள் என்பதையும் அதே பெற்றோர்தான் வெளியே சொல்லப்போகிறார்கள். ஆசிரியரைக் குற்றவாளியாக நிறுத்துகிற பேச்சை எந்தக் குழாயடியிலும் அனுமதிக்காதீர்கள்.

நம் பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்புகிற வீடுகள் நூற்றிப் பன்னிரண்டு. புதுக் குழு அமைக்கிற கூட்டத்துக்கு முன்னால் ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு தடவையாவது போய்விட வேண்டும். ஆளுக்கு எட்டு வீடு என்றால் பதினான்கு பேர் வேண்டும். இதுவரை ஒன்பது பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். மீதி ஐந்து பேர் இதைப் படிக்கிறவர்களில் இருக்கிறீர்கள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குப் பள்ளி வாசல் வேப்பமரத்தடிக்கு வந்துவிடுங்கள். வீட்டுப் பட்டியலை அங்கே பிரித்துக்கொள்வோம். எட்டு மணிக்கு முதல் குழாயடியில் இருக்க வேண்டும், அதற்கு மேல் போனால் கறிக்கடைக்குக் கிளம்பிவிடுவார்கள். தீர்மான நோட்டை யாரும் எடுத்துவர வேண்டாம், அது பள்ளி பீரோவிலேயே இருக்கட்டும். ஒடியா பேசத் தெரிந்தவர்கள் இரண்டு பேர் அவசியம் வேண்டும். உங்கள் கம்பெனியில் யாராவது இருந்தால் வியாழக்கிழமை ராத்திரிக்குள் எனக்குச் சொல்லுங்கள், நானே வீட்டுக்குப் போய்க் கூப்பிடுகிறேன்.